தாண்டவ விலாசத்து எச்சில் இலை

பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் வழியில் வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இறங்குகிற நெய்மலை உச்சியில், இந்த மலையின் தேயிலைக்கும் கீழே ஓடுகிற பஞ்சாலைகளுக்கும் நடுவே மிதக்கிற மேகத்துக்கும்கூடத் தானே சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்த ராவ்பகதூர் தாண்டவமூர்த்தி கட்டிய தாண்டவ விலாசத்தின் பெரிய வாசலில் நின்று, "வாங்க வாங்க, செருப்ப இங்கயே விட்டுட்டு வாங்க" என்று பத்தொன்பது வருஷமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை, சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். என் பெயர் மரகதம். மாளிகையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. அந்தச் சிரிப்பு, மாளிகையை நடத்துகிற டிரஸ்ட் கொடுத்த சேலை மாதிரி, வேலை முடிந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடுவேன்.

முதலில் ஐம்பத்திரண்டு கதவுகளைக் காட்டுவேன், எல்லாம் பர்மாத் தேக்கு, ஒவ்வொன்றிலும் ராவ்பகதூரின் முகம் செதுக்கியது, ஐம்பத்திரண்டு முகத்திலும் அதே மீசை, அதே தொங்கு தாடை. பிறகு இத்தாலியிலிருந்து கப்பலில் வந்து அடிவாரத்திலிருந்து ஆள் தலையில் ஏறி வந்த சலவைக்கல் தரை, ஒரு கல்லுக்கு எட்டு ஆள், வழுக்கிய இடத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். பிறகு வைக்கோல் அடைத்த பதினோரு புலி. பிறகு யானைக் காலை வெட்டிக் குடை செருகுவதற்காகச் செய்த ஜாடி. பிறகு தந்தம் இழைத்த கக்கூஸ், அதன் முன்னால் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வெள்ளித் தொட்டி, அதில் ராவ்பகதூர் வெள்ளிக்கிழமைதோறும் பசும்பாலில் குளித்தார் என்று சொன்னதும் கூட்டம் ஒரே குரலில் "ஆகா" என்னும். குளித்த பாலை என்ன செய்தார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆள் கேட்டார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள் என்றேன். "எவ்வளவு தாராள மனசு பாருங்க" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னார்.

ஆனால் கதவுக்கும் தொட்டிக்குமாக யாரும் மலையேறி வருவதில்லை. எல்லோரும் வருவது கடைசியாக இருக்கிற சாப்பாட்டுக் கூடத்துக்கு, அங்கே சந்தன மணைக்கு முன்னால் விரித்திருக்கிற ஒரு வாழை இலையைப் பார்ப்பதற்கு. எழுபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்து மத்தியானம், ராவ்பகதூர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இலை அது. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் பச்சையாக இருந்தது, சோற்றிலிருந்து ஆவி வந்தது, நெய் உருகிக்கொண்டே இருந்தது, அப்பளம் நமுத்துப்போகவில்லை. அவர் கடித்து வைத்த வடையில் பல் தடம் இருந்தது, தடத்தில் ஈரம் இருந்தது. சப்பித் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை இலையோரத்தில் குவிந்து கிடந்தது. வாய்க்குப் போகாமல் விழுந்த சாம்பார்ச் சோற்று உருண்டையில் அவருடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன. பாயசத்தைக் கையால் வழித்த இடத்தில் நாலு கோடு விழுந்து, கோட்டுக்குள் பாயசம் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. எச்சில், வேறு வார்த்தை கிடையாது. ஒரு மனுஷனுடைய எச்சில் எழுபத்துநாலு வருஷமாகக் காயாமல் இருந்தது, அதைப் பார்க்க ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அன்றைக்கு மூன்றாவது தடவை சாம்பார் வாங்கிப் பிசைந்தவர், உருண்டையைக் கையில் எடுத்தவர், அப்படியே முன்னால் சரிந்தார். டாக்டர் வந்து உயிர் இல்லை என்றார். மூன்று பேர் அவரைச் சம்மணம் போட்ட நிலையிலேயே தூக்கப் பார்த்தார்கள், அந்தத் தொப்பைக்கு மூன்று பேர் போதவில்லை, நாலாவது ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடத்தின் மூலையில் பித்தளை வாளியோடு என் தாத்தா கருத்தான் நின்றிருந்தார். எச்சில் இலை எடுப்பது அவர் வேலை. அவருக்கு இருந்த உத்தரவு ஒன்றே ஒன்று, ஐயா எழுந்த பிறகுதான் இலையில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்பு ஒரு நாள் ஐயா விக்கலெடுத்து நிமிர்ந்ததை எழுந்துவிட்டதாக நினைத்து இலையைத் தொட்டு, முதுகு பிளக்க அடி வாங்கியிருந்தார். இப்போது ஐயா எழவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினால் எழுந்த கணக்கா என்று தாத்தாவுக்குத் தெரியவில்லை, யாரையும் கேட்கிற துணிச்சலும் இல்லை. அதனால் நின்றார், மறுநாளும் வந்து நின்றார், அதற்கு மறுநாளும் வந்து நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூடத்துக்குள் எட்டிப் பார்த்த ராவ்பகதூரின் மூத்த சம்சாரம், சோற்றில் ஆவி வருவதைக் கண்டு, "இன்னும் சாப்ட்டு முடிக்கலபோல" என்று சொல்லி, ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவரச் சொன்னாராம். சாப்பிடுகிறவரை யாராவது எழுப்புவார்களா? நெய்மலையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பங்காளிச் சண்டையில் அரிவாளோடு போனவன்கூட, எதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசலில் நின்று, அவன் கை கழுவி வாய் துடைத்து வெளியே வந்த பிறகுதான் சட்டையைப் பிடிப்பான். அதனால் ராவ்பகதூரையும் யாரும் எழுப்பவில்லை.

ஊர் அதை ரொம்ப யோசிக்கவும் இல்லை. சொத்தைப் பிரிக்கச் சொல்லி மூன்று மகன்களும் கோர்ட்டுக்குப் போனார்கள், நீதிபதி நேரில் வந்து ஆவியைப் பார்த்தார், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று வழக்கைத் தள்ளிவைத்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தள்ளிவைத்தார்கள், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு டிரஸ்ட் உண்டானது. தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இலையை ஆராய வந்து, முதல் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், இரண்டாம் நாள் குனிந்து முகர்ந்து பார்த்தார், மூன்றாம் நாள் விழுந்து கும்பிட்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைச் சோற்று ஆவியில் காட்டினார்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வந்து, முருங்கைச் சக்கையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடிவாரத்து ஓட்டல்களில் 'ராவ்பகதூர் சாப்பாடு' என்று ஒன்று போட ஆரம்பித்தார்கள், அதில் வடை கடித்தே வரும், முருங்கைக்காய் சப்பியே வரும், கடிப்பதற்கும் சப்புவதற்கும் சமையல்கட்டில் தனியாக ஆள் வைத்திருந்தார்கள், இரண்டு ஷிப்ட். குடும்பம் குடும்பமாக வந்து அதைச் சாப்பிட்டார்கள், எங்கள் வடையில் கடி சின்னதாக இருக்கிறது என்று சண்டை பிடித்தார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது, ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தாத்தாவுக்குப் பிறகு அந்த மூலையில் அப்பா நின்றார். என் அப்பா பெயர் சடையன், முப்பத்தெட்டு வருஷம் நின்றார். காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்குச் சாத்துகிற வரைக்கும், இடது கையில் பித்தளை வாளி, இடுப்பில் துண்டு, முதுகை வளைத்து, இலையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பேசக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது, ஐயா சாப்பிட்டு முடிக்காமல் நீ எப்படிச் சாப்பிடுவாய் என்று டிரஸ்டில் கேட்டார்கள். அதனால் அப்பாவின் மத்தியானச் சாப்பாடு எப்போதும் நாலு மணிக்குத்தான், ஆறிப்போன சோறுதான். வருகிறவர்கள் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மெழுகு பொம்மை என்று நினைத்துப் பிள்ளைகள் விலாவில் குத்திப் பார்த்தன. ஒரு அம்மாள் அவர் கூன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் முட்டி வலி போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கையில் இருக்கிற குச்சியால் அவரைக் காட்டி, "இதுதான் நெய்மலையின் விசுவாசம், ரெண்டு தலைமுறையா ஐயா எந்திரிக்கக் காத்துட்டு நிக்குது" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை டிரஸ்ட் எழுதிக் கொடுத்தது, 'அவர்' என்று போட வேண்டாம் 'இது' என்று போட்டால்தான் கேட்க நன்றாக இருக்கும் என்று செயலாளர் கனகசபையே திருத்தினார். ஒரு நாளைக்கு ஆறு தடவை, பத்தொன்பது வருஷம், பெற்ற தகப்பனைக் குச்சியால் காட்டி 'இது' என்றேன். எச்சில் இலையைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பில் பாதி என் வாயின் மேல் வந்ததுதான்.

போன ஆடி மாதம் ஒரு நாள், நான் இந்த வாக்கியத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது, அப்பாவின் முட்டி இரண்டும் மடங்கி, வாளி சலவைக்கல்லில் விழுந்து உருண்டது. கூட்டம் கைதட்டியது. அதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள், ஒருவர் இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டார். ஆஸ்பத்திரியில், முட்டிக்குள் தேய்வதற்கு இனி ஒன்றுமே பாக்கியில்லை, உட்கார வைக்கலாம், படுக்க வைக்கலாம், நிற்க வைக்க முடியாது என்றார்கள். அப்பாவை லைன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரில் தலையணையைச் சாய்த்து உட்காரவைத்தேன். முதுகு அந்தக் குனிந்த வாகிலேயே நின்றுவிட்டதால் நேராகப் படுக்கவும் முடியாது அவருக்கு.

மூன்றாம் நாள் கனகசபை ஒரு பை ஆப்பிளோடு வந்தார். எங்களுடையது ஒரே அறை, ஒரு அடுப்பு, மழை வந்தால் ஒழுகுகிற ஒரு மூலை. அவர் உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேட்டியில் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்பது போல் நின்றே பேசினார்.

"பாரும்மா மரகதம், இனிமே அப்பாவால ஆகாது. திங்கக்கிழமையிலேருந்து நீ நில்லு."

"நான் கைடு சார். பேசுற வேல பாக்குறவ."

"பேசுறதுக்கு நூறு பேர் கெடைப்பாங்க. நிக்கிறதுக்கு உங்க குடும்பத்து ஆளுதான் வேணும். வர்றவங்களுக்கு அதுல ஒரு மதிப்பு இருக்குதும்மா."

"நான் நிக்கலன்னா?"

அவர் கூரையையும் அடுப்பையும் அப்பாவையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்த வீடு நிக்கிற ஆளுக்குக் குடுத்தது. உனக்குத் தெரியாதா என்ன?" என்றார். போகும்போது, மூன்றாவது தலைமுறை என்று நோட்டீஸ் அடித்தால் இன்னும் எடுபடும் என்று தன் கூட வந்த ஆளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் அப்பாவிடம் கேட்டேன். கேட்டதே இல்லை, அன்றைக்குத்தான் கேட்டேன். "தாத்தாதான் அடிக்குப் பயந்தாரு. நீங்க ஏம்ப்பா அந்த எலைய எடுத்து எறியல?"

"ஐயா எந்திரிக்கலயே தாயி."

"எந்திரிங்கன்னு யாராச்சும் அவர்ட்ட சொன்னாங்களா?"

அப்பா பதறிப்போய் என் வாயைப் பொத்தக் கையை நீட்டினார், எட்டவில்லை. "சாப்புடுறவங்களப் போயி யாராச்சும்... மொதல்ல வாயக் கழுவு தாயி, போ" என்றார். நான் போய் வாயைக் கழுவினேன். முட்டி போன மனுஷனைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கு, எந்த வீட்டுக்குப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, அந்த மூலையில் போய் நின்றேன்.

தூரத்திலிருந்து குச்சியால் காட்டுவது வேறு, மூன்றடி தூரத்தில் குனிந்து ஆறு மணி நேரம் பார்ப்பது வேறு என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. வடையில் இருந்த பல் தடத்தில் ஒரு பல் சொத்தை என்று தெரிந்தது. சோற்று உருண்டையில் ஒரு மீசை மயிர் ஒட்டியிருந்தது, அதற்கு எழுபத்துநாலு வயது. நெய் வாசனையும் வியர்வை வாசனையும் சேர்ந்து வந்து தொண்டையில் நின்றது. பசி ஒரு பக்கம், குமட்டல் ஒரு பக்கம், இரண்டும் ஒரே வயிற்றில். அப்பா முப்பத்தெட்டு வருஷம் இதை எதிரில் வைத்துக்கொண்டு பசியோடு நின்றிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் இடத்துக்கு வந்த புதுப் பெண் குச்சியை என் பக்கம் நீட்டி, "இதுதான் நெய்மலையின் விசுவாசம், மூணு தலைமுறையா" என்று ஆரம்பித்தாள். நல்ல குரல் அவளுக்கு. கூட்டம் என் பக்கம் திரும்பிப் படம் எடுத்தது.

வியாழக்கிழமை ஒரு ஜவுளிக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்தார், பதினோரு பேர், எல்லோருக்கும் பட்டு. யாரையும் உள்ளே விடாத கயிற்றைக் கனகசபையே அவிழ்த்துவிட்டார். இலையைத் தொடுவதற்கு டிரஸ்ட் இதுவரை யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை, அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் ஒரு விசேஷத்துக்காக. அந்த வீட்டுக் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது, முதல் சோறு ஊட்ட வேண்டும், அதை ராவ்பகதூரின் இலையிலிருந்தே எடுத்து ஊட்ட வேண்டுமாம், அப்போதுதான் குழந்தை ராவ்பகதூர் மாதிரி வருமாம். புரோகிதர் வந்திருந்தார், நாதஸ்வரம் வந்திருந்தது, வீடியோக்காரர் புலியின் மேல் சாய்ந்துகொண்டு கோணம் பார்த்தார். முதலாளி மண்டியிட்டு, அந்த ஐந்து விரல் பதிந்த உருண்டைக்குக் கையைக் கொண்டுபோனார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, நாக்கு உதட்டைத் தடவியது.

தாய் குழந்தையை மடியில் வைத்து இலைக்குப் பக்கத்தில் குனிந்தாள். குழந்தை ஒரு தரம் மூச்சை இழுத்தது, முகத்தைச் சுளித்தது, தலையைத் திருப்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அந்தக் கூடத்துக்குள் எழுபத்துநாலு வருஷத்தில் வந்து போன லட்சம் பேரில் மூக்கு வேலை செய்த முதல் ஆள் அதுதான் என்று நினைத்தேன். "தெறடா கண்ணு, தெற" என்றாள் பாட்டியம்மாள். குழந்தை திறக்கவில்லை. கனகசபை சிரித்துக்கொண்டே வந்து, "கன்னத்த ரெண்டு பக்கமும் லேசா அமுக்கினா தானாத் தெறக்கும்" என்று சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் அந்தப் பிஞ்சுக் கன்னத்தில் வைத்தார்.

பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வீடு போய்விடும் என்பதும் தெரியும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, யாரும் உட்கார்ந்திராத அந்தச் சந்தன மணையைப் பார்த்துச் சொன்னேன்:

"ஐயா, போதும். எந்திரிங்க."

நாதஸ்வரம் நின்றது. முதலாளியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மணைப்பலகை ஒரு தரம் கிறீச்சென்றது, கனமான ஒருவர் ஒரு கையை ஊன்றி எழுந்தால் வருகிற சத்தம். பிறகு நீளமாக ஒரு ஏப்பம் வந்தது, பெருங்காயமும் புளிச்ச வாடையும் கூடம் முழுக்கப் பரவி, முன்வரிசையில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெறுங்கால் சத்தம் சலவைக்கல்லில் தப்புத்தப்பென்று நடந்து எதிர் மூலையில் இருக்கிற கை கழுவும் தொட்டிக்குப் போனது. குழாய் திறந்தது. மூன்று தடவை வாய் கொப்பளிக்கிற சத்தம், காறித் துப்புகிற சத்தம், துண்டை உதறுகிற சத்தம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சோற்றில் ஆவி நின்றது. நெய் உறைந்தது. அப்பளம் நமுத்தது. இலையின் ஓரம் மெதுவாக வாடிச் சுருள ஆரம்பித்தது, எந்த வாழை இலையும் சுருளுகிற மாதிரிதான். நான் குனிந்து அதை மடக்கி, வழித்து, வாளியில் போட்டு, எச்சில் இடத்தைத் துடைத்தேன். எச்சில் வாளி பின்கட்டு வழியாகத்தான் போக வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்; நான் முன்வாசல் வழியாகப் போனேன், அந்த ஐம்பத்திரண்டு மீசைகளும் பார்க்கட்டும் என்று. உரக்குழியில் கொட்டியபோது எங்கிருந்தோ ஒரு காக்கை இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தொடாமல் போனது. குழந்தை மட்டும் உள்ளே வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது, நல்ல கணீரென்ற அழுகை.

மறுநாள் டிரஸ்ட் புது இலை போட்டது. அதே மாதிரி சமையல், அதே மணை, கனகசபை சாஷ்டாங்கமாக விழுந்து, "ஐயா, ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று அழுதார். யாரும் வந்து உட்காரவில்லை, ஈதான் வந்து உட்கார்ந்தது. ஓட்டல்காரர்கள் கடையைச் சாத்தினார்கள். இரண்டு ஷிப்டாக வடை கடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எங்கள் லைனுக்கு வந்து, எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாயே என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். கனகசபை டிவிக்காரர்களைக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொலகாரன்கூட சாப்புடுறவன எழுப்ப மாட்டான். இவ எழுப்பிட்டா. இதவிடப் பெரிய பாவம் உலகத்துல கெடையாது" என்றார். அதையே பெரிய எழுத்தில் எழுதித் தன் பெயரைப் போட்டு மாளிகை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் போர்டு வைத்தார். படித்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை நான் மூட்டை எதையும் கட்டவில்லை. கட்டினால் எங்கே கொண்டுபோவது? உலை வைத்தேன். புளிக்குழம்பு கூட்டி, முருங்கைக்கீரை வதக்கி, நாலு கருவாடு சுட்டேன். பன்னிரண்டு மணிக்கு அப்பாவைச் சுவரோடு நன்றாகச் சாய்த்து உட்காரவைத்து, தட்டை முன்னால் வைத்துச் சுடுசோறு போட்டேன். வீட்டில் உட்கார்ந்த பிறகும் நாலு மணிக்கு முன்னால் அவர் தட்டைத் தொட்டதில்லை. சோற்றைப் பார்த்தார், வாசலில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தார்.

"மணி நாலாயிருச்சா தாயி?"

"பன்னெண்டுதாம்ப்பா."

சோற்றிலிருந்து வந்த ஆவியைக் கண்டு கொஞ்சம் பயந்தார் என்று நினைக்கிறேன், கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டார். "இது நம்ம வீட்டுச் சோறுப்பா, இப்பத்தான் வடிச்சேன்" என்றேன். பிறகு கை வைத்தார். சூடு சுட்டது, விரலை உதறினார், சிரித்தார், மறுபடியும் கை வைத்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு என் அப்பா மத்தியானச் சாப்பாட்டை மத்தியானத்தில் சாப்பிட்டார். அவர் வாயில் சோறு போவதைப் பார்க்க எனக்கு அருவருப்பே இல்லை, குழம்பு முழங்கை வரை ஒழுகியபோதும் இல்லை.

நாலு வாய்தான் உள்ளே போயிருக்கும், வாசலில் கூட்டம் வந்து நின்றது. முன்னால் கனகசபை, கையில் கனமான பூட்டு, பக்கத்தில் வாட்ச்மேன், பின்னால் ஓட்டல்காரர்கள், ஷிப்ட் ஆட்கள், அந்த ஜவுளிக்கடை முதலாளி, தலைக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதி அடிவாரம். இந்தப் பாவியைத் தெருவில் விடுவதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

"வெளிய வாம்மா. அப்பாவையும் தூக்கிட்டு வா. வீட்டப் பூட்டணும்" என்றார் கனகசபை. சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி வாசற்படிக்குள் வைக்கப் போனார்.

"அப்பா சாப்புடுறாரு சார்" என்றேன்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. கனகசபை எட்டிப் பார்த்தார், அவர் தோளுக்கு மேல் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான், அவனுக்குப் பின்னால் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்து, தட்டில் கை வைத்து, வாயில் சோற்றோடு அப்பா அவர்களைப் பார்த்தார். ஜவுளிக்கடை முதலாளி மெதுவாகக் கனகசபையின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, "சார், சாப்புடுறாரு சார்" என்று காதோடு சொன்னார். போன்கள் எல்லாம் கனகசபையின் பக்கம் திரும்பியிருந்தன. அவர் காலை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பூட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வெயில் நேராக அவர் வழுக்கையில் விழுந்தது, அங்கே நிழலுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

"தாயி, இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார் அப்பா. நான் போய் ஊற்றினேன், இன்னொரு கரண்டி சோறும் போட்டேன். அவர் நிதானமாகப் பிசைய ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வாசலிலிருந்து குரலை அடக்கிக் கேட்டார் கனகசபை.

"அப்பாவுக்குப் பல்லில்ல சார், மெதுவாத்தான் சாப்புடுவாரு, நில்லுங்க" என்றேன்.